பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து காப்பி ஆகவில்லை, "ஆக்சஸ் டினைட்" என்கிறது – அவசரம்

மழைக்கிளி:
வணக்கம். பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் யூஎஸ்பி வழியாக மாட்டி, எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதியில் நின்று அனுமதி இல்லை என்கிறது. அட்மின் கணக்கில்தான் இருக்கிறேன், "கன்டினியூ" பட்டனையும் அழுத்திப் பார்த்தாயிற்று. அக்காவின் ஆய்வேடு முழுக்க இதில்தான் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோப்புக்காரன்:
விண்டோஸா, லினக்ஸா? எந்தப் பதிப்பு? எந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி நிற்கிறது? எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டீர்களா, வேறு மென்பொருளா? இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

சுடர்விழி:
ஆன்டிவைரஸ்தான் காரணம், எனக்கும் இப்படித்தான் ஆனது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ரான்சம்வேர் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட்டுப் பாருங்கள், உடனே சரியாகிவிடும்.

கோப்புக்காரன்:
@சுடர்விழி அது டாக்குமென்ட்ஸ் மாதிரி ஃபோல்டர்களுக்குள் தெரியாத மென்பொருள் எழுதுவதைத் தடுக்கும். இவருக்கு எழுதுவதில் சிக்கலா, படிப்பதில் சிக்கலா என்றே இன்னும் தெரியவில்லை. அதற்குள் பாதுகாப்பை அணைக்கச் சொல்லாதீர்கள்.

வேர்நிலைப் பயனர்:
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் சொல்லியாகிவிட்டது, முதலில் தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். அட்மின் என்றால் எல்லாம் திறந்துவிடும் என்பது புதியவர்கள் செய்யும் தவறு. விண்டோஸ் உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, கணக்குக்குப் பின்னால் இருக்கும் எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணைத்தான் பார்க்கிறது. பழைய கணினியிலும் புதியதிலும் ஒரே பெயர் வைத்தாலும் அந்த எண் வேறு. கோப்புகளின் உரிமை இன்னும் பழைய எண்ணிடம் இருக்கிறது, அவ்வளவுதான். கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றும் டேக்ஓன் கட்டளையை முழு டிரைவுக்கும் ஓட்டுங்கள், அப்புறம் அனுமதிகளை மாற்றும் ஐகாக்கிள்ஸ் கட்டளையை வைத்து எல்லோருக்கும் முழு அனுமதி கொடுங்கள். பத்து நிமிட வேலை.

கோப்புக்காரன்:
எஸ்ஐடி பற்றிச் சொன்னது சரி. ஆனால் முழு டிரைவுக்கும் செய்யவே செய்யாதீர்கள். அது பழைய கணினியின் சி டிரைவ். விண்டோஸ் ஃபோல்டரின் அனுமதிகளும் சேர்ந்து கலைந்தால் அந்த டிஸ்க்கிலிருந்து கணினி மறுபடி பூட் ஆகும், அதாவது விண்டோஸ் கிளம்பும் என்று நம்ப முடியாது. தேவையான ஃபோல்டருக்கு மட்டும் போதும்.

வேர்நிலைப் பயனர்:
கழற்றிப் போட்ட டிஸ்க் எதற்கு பூட் ஆக வேண்டும்? காப்பி எடுத்ததும் ஃபார்மேட் செய்யப் போகிறார். 15 வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

தொடுவானம்:
எதற்கு இவ்வளவு சுற்று? ஒரு பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்யுங்கள். அங்கிருந்து உங்கள் டிஸ்க்கை (விண்டோஸ் டிஸ்க் என்பதால் அது என்டிஎஃப்எஸ் என்ற வடிவத்தில் இருக்கும்) மவுன்ட் செய்தால், அதாவது இணைத்துத் திறந்தால், விண்டோஸ் போட்ட அனுமதிகள் பொதுவாகக் குறுக்கே வராது. ரீட்-ஒன்லியாக, படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்தால் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது.

வேர்நிலைப் பயனர்:
எந்தக் கேள்வி வந்தாலும் லினக்ஸ். வெள்ளிக்கிழமைக்குள் கோப்பு வேண்டும் என்கிறார், அவருக்குப் புது இயங்குதளம் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

தொடுவானம்:
பூட் செய்து காப்பி எடுப்பதில் கற்பதற்கு என்ன இருக்கிறது? எல்லோருக்கும் முழு அனுமதி கொடு என்று கட்டளை தருவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

மழைக்கிளி:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். நான் தம்பி இல்லை, தங்கை. பழையது விண்டோஸ் 10 ப்ரோ, புதியது விண்டோஸ் 11 ஹோம். அக்டோபர் 2025-இல் 10-க்கு ஆதரவு முடிந்ததால் மாற்றினோம். மொத்தமாகக் காப்பி எடுக்கும் ரோபோகாப்பி என்ற கட்டளையை எங்கோ பார்த்து ஓட்டினேன், "மை மியூசிக்" என்ற இடத்தில் எரர் 5, ஆக்சஸ் டினைட் என்று காட்டி 30 வினாடி, 30 வினாடி என்று நேற்று இரவிலிருந்து அங்கேயே நிற்கிறது. டாக்குமென்ட்ஸுக்குள் அப்படி ஒரு ஃபோல்டரே எனக்குத் தெரியவில்லை. பிறகு ஆய்வேடு ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டேன், அதுவும் ஆக்சஸ் டினைட்.

கோப்புக்காரன்:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன். உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வேறு சிக்கல்கள்.

"மை மியூசிக்" உண்மையான ஃபோல்டர் இல்லை. பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து வைத்திருக்கும் ஜங்ஷன், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் கைகாட்டி. உள்ளே யாரும் பட்டியல் எடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே தடை போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை, பாட்டுகள் மியூசிக் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். ரோபோகாப்பியிடம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் தோற்ற கோப்பை 10 லட்சம் தடவை, ஒவ்வொரு தடவைக்கும் 30 வினாடி காத்திருந்து முயலும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு வருஷம். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்துங்கள். கட்டளையின் கடைசியில் சாய்கோட்டுக்குப் பின் எக்ஸ்ஜே (/XJ) சேர்த்தால் ஜங்ஷன்களைத் தொடாது, அதேபோல் ஆர் போட்டு முக்காற்புள்ளியும் 1-உம் (/R:1), டபிள்யூ போட்டு அதேபோல் 1-உம் (/W:1) கொடுத்தால் ஒரே ஒரு முறை மறுபடி முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போகும்.

ஆய்வேடு ஃபோல்டர்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உள்ளே ஒரு கோப்பில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. கடைசியில் "என்கிரிப்ட்" என்று ஆரம்பிக்கும் பெட்டியில் டிக் இருக்கிறதா? ஐகானின் மூலையில் சின்னப் பூட்டு தெரிகிறதா?

மழைக்கிளி:
ஆமாம், பூட்டு இருக்கிறது. எல்லாக் கோப்பிலும். பெட்டியில் டிக்கும் இருக்கிறது, ஆனால் மங்கலாக, எடுக்க முடியவில்லை.

கோப்புக்காரன்:
அப்படியானால் எல்லோரும் கையை எடுங்கள். இது இஎஃப்எஸ் என்கிரிப்ஷன், அதாவது கோப்பின் உள்ளடக்கத்தையே ஒரு சாவியால் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை, அதனால்தான் மங்கலாக இருக்கிறது. டேக்ஓன் ஓட்டினால் கோப்பின் உரிமை மாறும், உள்ளடக்கம் பூட்டியே இருக்கும். லினக்ஸில் போனாலும் அதேதான், உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. திறக்கும் சாவி அக்காவின் பழைய கணக்குக்குள், அதே டிஸ்க்கில் இருக்கிறது. அந்தச் சாவியைக் காப்பது அவருடைய பழைய பாஸ்வேர்டு.

டிஸ்க்கைப் பழைய கணினியிலேயே மறுபடி மாட்டி பூட் செய்யுங்கள். அக்காவின் கணக்கில் அவருடைய பாஸ்வேர்டாலேயே நுழையுங்கள். மறந்திருந்தால் நினைவுக்கு வரும்வரை காத்திருங்கள், ரீசெட் செய்யும் கருவி எதையும் தொடாதீர்கள், வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றினால் சாவி கைவிட்டுப் போகும். உள்ளே போனதும் ஃபோல்டரில் அந்த டிக்கை எடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து என்று கொடுங்கள். பூட்டு மறைந்த பிறகு காப்பி எடுங்கள். முழு டிரைவுக்கும் எதையாவது ஓட்டிவிட்டீர்களா? அதை மட்டும் உடனே சொல்லுங்கள்.

மழைக்கிளி:
இல்லை. கன்டினியூ மட்டும்தான் அழுத்தினேன். பயமாக இருக்கிறது, மாட்டிப் பார்க்கிறேன்.

கோப்புக்காரன்:
அது உங்கள் புதுக் கணக்குக்கும் ஓர் அனுமதியைச் சேர்த்திருக்கும், பழையதை எடுத்திருக்காது. பயப்பட வேண்டாம்.

வேர்நிலைப் பயனர்:
என்கிரிப்ஷன் இருப்பதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். சாதாரண டிஸ்க்குக்கு டேக்ஓன் சரியான வழிதான்.

தொடுவானம்:
சொல்லியிருந்தால் என்ன அர்த்தம்? அவருக்கே அது தெரியாது. தெரியாத டிஸ்க்கில் எதையும் மாற்றாமல் ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் என் வழியில் போயிருந்தாலும் இந்த ஃபோல்டர் திறந்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சுடர்விழி:
நான் சொன்னதைக் கேட்டு ஆன்டிவைரஸை அணைத்திருந்தால் தயவுசெய்து மறுபடி போட்டுவிடுங்கள்.

மழைக்கிளி:
வந்துவிட்டது. மூன்றாவது பாஸ்வேர்டில் திறந்தது. 212 கோப்பும் இருக்கிறது, இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிட்டோம். நன்றி அண்ணா, அக்காவும் சொல்லச் சொன்னார்.

கல்தூண்:
எனக்கும் இதே பூட்டுதான் காட்டுகிறது. கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுப் பழைய கணினியை ஃபார்மேட் செய்து புது விண்டோஸ் போட்டுவிட்டேன். பாஸ்வேர்டு நன்றாக நினைவிருக்கிறது. அதே பெயரில் அதே பாஸ்வேர்டுடன் கணக்கு உருவாக்கியும் திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

கோப்புக்காரன்:
அதே பெயர் போதாது, அது வேறு எஸ்ஐடி, வேறு சாவி. முன்பு எப்போதாவது சாவி அடங்கிய சான்றிதழைப் பேக்கப் எடுக்கச் சொல்லி விண்டோஸ் கேட்டதா? பிஎஃப்எக்ஸ் என்று முடியும் ஒரு கோப்பு. பென் டிரைவ், மெயில், பழைய பேக்கப் என்று எல்லா இடத்திலும் தேடுங்கள். ஃபார்மேட் செய்வதற்கு முன் முழு டிஸ்க்கின் இமேஜ், அதாவது அப்படியே எடுத்த நகல் ஏதாவது எடுத்து வைத்திருந்தாலும் அதில் சாவி இருக்கும். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கோப்புகளைத் திறக்க எனக்குத் தெரிந்து வழி இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

கல்தூண்:
தேடிப் பார்க்கிறேன்.