வீடற்றோர் காப்பகத்துக்கு வரும் மானியம்: நேரில் பட்டதைச் சொல்லுங்கள்

ராத்திரி ரெஜிஸ்டர்:

ஒரு மாநகராட்சிக்காக வீடற்றோர் காப்பகம் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஆண்கள் காப்பகம், 50 பேர் கணக்கு. கட்டடம் மாநகராட்சியுடையது. சம்பளம், சாப்பாடு, கரண்ட், மருந்து எல்லாம் மானியத்தில் ஓட வேண்டும். இதே வேலையில் இருப்பவர்களும், காப்பகத்தில் தங்கியவர்களும் எழுதினால் நன்றாக இருக்கும். முதலில் என் பங்குக்கு, ஆய்வு வந்த கதை.

ராத்திரி பத்து மணிக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். வந்த அதிகாரி தன்மையான மனிதர்தான். கட்டில் கட்டிலாகப் போய், ரெஜிஸ்டரில் உள்ள பெயரோடு ஆளைச் சரிபார்த்தார். மூன்றில் ஒரு பங்கு கட்டில் காலி. "பேர் இருக்கு, ஆளைக் காணோமே மேடம்?" என்றார்.

ஆள் எங்கே போவான்? காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறான். வெளியூர் லாரி வந்து நிற்பதே நடுராத்திரியில்தான். மறுநாள் முகூர்த்தம் என்பதால் ஒரு கூட்டம் கேட்டரிங் வேனில் ஏறிப் போயிருந்தது. இன்னும் சிலர் ஏடிஎம் வாசலில் வாட்ச்மேன். இவர்கள் எல்லாரும் விடிந்ததும் வந்து, குளித்துவிட்டு, மதியம் வரை அடித்துப் போட்டது மாதிரி தூங்குவார்கள். லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் மத்திய அரசு நகர ஏழைகளுக்காகத் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறையும் அப்படித்தான் இருந்தது. எங்கள் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. தலையை எண்ணுவது மட்டும் ராத்திரியில்.

"கொள்ளளவு முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை" என்று அறிக்கையில் ஒரு வரி ஏறியது. அடுத்த தவணையில் ஆள்வாரியாகப் பிடித்தம். கட்டில் காலி என்பதற்காகக் கேர்டேக்கர் சம்பளம் குறையுமா, கழிவறை கழுவ வரும் அம்மா பாதியைக் கழுவிவிட்டுப் போவாரா? வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடப்பவரால் எங்களுக்கு வருமானம், உழைக்கப் போகிறவரால் நஷ்டம். மானியக் கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

பழைய லெட்ஜர்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். வேறொரு ஊரில் உள்ளாட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். மேடம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தலையை ஏன் எண்ண ஆரம்பித்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காப்பகத்தின் வருகைப் பதிவேடு என் மேசைக்கு வந்தது. மாதம் முழுக்க ஒரே மை. பெயர்கள்தான் வேறு வேறு, கைரேகை அத்தனையும் ஒன்று போல இருந்தது. போய்ப் பார்த்தால் வாசலில் போர்டு புத்தம் புதுசு, உள்ளே சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்த அதிகாரிதான் ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்?

இன்னொரு தலைவலி, மானியத் தவணை தாமதமாக வருவது. மேடம் சொன்ன அந்த இயக்கத்தில் மத்திய அரசு நூற்றுக்கு 60, மாநிலம் 40 என்று பங்கு இருந்தது. மத்தியப் பங்கு வந்து, மாநிலப் பங்கு சேர்ந்து, இயக்குநர் அலுவலகம் கடந்து, உள்ளாட்சிக் கணக்கில் விழும்போது தை மாசி ஆகியிருக்கும். முந்தின தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது வரும், அந்தப் படிவத்தை நாங்கள் 12-ஏ என்போம். பில் இல்லாமல் சான்றிதழ் கிடையாது. மளிகைக்காரர் கடன் தீராமல் பில் தரமாட்டார். பணம் வராமல் கடன் தீராது. இப்படியே ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும். ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, காப்பகங்கள் ஏன் வரவில்லை என்று பார்க்கச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவே போட்டது.

மார்ச் 31 நெருங்கினால் வேறு கூத்து. பில்லும் போட்டோவும் உடனே கிடைக்கிற பொருளாகப் பார்த்து வாங்குவார்கள். ஸ்டீல் பீரோ, மெத்தை, ஆர்.ஓ. மெஷின். பிளக் பாயிண்டே இல்லாத சுவரில் ஆர்.ஓ. மெஷின் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அதே காப்பகத்தில் கேர்டேக்கருக்குச் சம்பள பாக்கி. அது வேறு ஹெட், அதாவது வேறு செலவுத் தலைப்பு, அதிலிருந்து இதற்கு மாற்ற முடியாது.

பகல் வெளிச்சம்:

பெண்கள் காப்பகத்தில் வேலை. ராத்திரியில் எண்ணுவது காப்பகத்தோடு நிற்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணியது பிப்ரவரி 28 ராத்திரி ஒன்றில்தான். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம், நகரங்களில் 9.38 லட்சம் என்று வந்தது. எங்களிடம் வருகிற பெண்கள் பலர் தெருவில் இருந்த காலத்தில் ராத்திரி யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காகவே ஆஸ்பத்திரி வராண்டாவில் நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களை யார் எப்படி எண்ணியிருப்பார்கள்?

இன்னொன்று. மனநலம் சரியில்லாத ஒரு அம்மாவுக்கும், வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கும் எங்கள் மானியத்தில் ஒரே தொகை. அந்த அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போக ஒரு ஆள் முழு நாள் வேண்டும். ஆட்டோவுக்கு வவுச்சர் போட்டால் ஆடிட்டர் சிவப்பு மையில் கேள்விக்குறி போடுகிறார்.

மேல்மாடி போர்ஷன்:

நான் காப்பகத்தில் தங்கியவன். ஒரு வருஷத்துக்கு மேல். குறை சொல்ல வரவில்லை, சோறும் மரியாதையும் கிடைத்தது. ஆனால் அவ்வளவு நாள் தங்கியிருக்க வேண்டியதே இல்லை. மாச வாடகை கொடுக்கிற அளவுக்கு எனக்குக் கூலி வந்துகொண்டிருந்தது. அட்வான்ஸ்தான் கையில் இல்லை. போன இடமெல்லாம் பத்து மாச வாடகை கேட்டார்கள். 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் மூன்று மாசம்தான் என்று புரோக்கரிடம் சொன்னேன். "வேற மாதிரி பேசி எழுதிக்கிட்டா அதுவும் செல்லும்னு அதே சட்டத்துல இருக்கு தம்பி" என்றார். பார்த்தேன், இருக்கிறது.

ஆதாரில் காப்பக முகவரி. அதைப் பார்த்த ஒரு வீட்டுக்காரம்மா, சாவியை எடுக்கப் போனவர் திரும்பி வந்து, "இப்பதான் ஞாபகம் வந்துச்சு, வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டேன்" என்றார். அந்த ஒரு வருஷம் எனக்காக அரசாங்கம் செலவழித்ததில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே அட்வான்ஸாகக் கொடுத்திருந்தால் என் கட்டிலில் இன்னொருவர் படுத்திருப்பார். லெட்ஜர் சார், இதற்கு ஒரு ஹெட் திறக்க முடியாதா?

பழைய லெட்ஜர்:

தம்பி, கேட்டுப் பார்த்திருக்கிறோம். அட்வான்ஸ் என்பது திரும்பி வருகிற பணம். யாருக்குத் திரும்பும், உங்களுக்கா மாநகராட்சிக்கா? வீட்டுக்காரர் பெயிண்ட் செலவு என்று பிடித்துக்கொண்டால் அந்த நஷ்டத்தை யார் தலையில் எழுதுவது? தணிக்கையில் இதற்குப் பதில் சொல்ல யாரும் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால், பணத்தை விட அந்தப் பயம்தான் பெரிசு.

ராத்திரி ரெஜிஸ்டர்:

நாங்கள் நன்கொடைப் பணத்தில் செய்து பார்க்கிறோம். சிலருக்கு மட்டும்தான் முடிகிறது. ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் எங்கள் நிறுவனத்துக்கே திரும்பும் என்று எழுதிக்கொள்கிறோம். வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நிறுவனம் பின்னால் நிற்பது தைரியமாக இருக்கிறது போல, பத்து மாசம் ஐந்தாகிறது. சிக்கல் என்னவென்றால், ஒருவர் வெளியே போனதும் அடுத்தவர் வரும் வரை அந்தக் கட்டில் காலி, அதற்கும் பிடித்தம்.

ஆய்வு விஷயத்தில், ரெஜிஸ்டரில் பகல் வருகைக்குத் தனிக் கட்டம் போடவும், 24 மணி நேரத்துக்குமான ஆட்களைக் கணக்கில் எடுக்கவும் கேட்டோம். வாயால் சரி என்றார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை. அதுவரை இரவு வேலைக்கு அத்தாட்சியாக மார்க்கெட் சங்கத்தில் சீட்டு வாங்கி ஒட்டுகிறோம், சங்கத்துக்காரர்கள் தயங்காமல் தருகிறார்கள். கேட்டரிங்காரர்தான் மாட்டேன் என்கிறார். எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் பி.எஃப். கேட்பார்களாம்.