அனுமன் இராமனுக்கு மகனா?

செந்தூல்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை பத்துமலை இராமாயணக் குகைக்குக் கூட்டிப் போனேன். கும்பகர்ணன் படுத்திருக்கிற இடத்தை விட்டு சின்னவன் நகரவே மாட்டேன் என்றான். மறுநாள் வேலையிடத்தில் படங்களைக் காட்டினால், கிளந்தான்கார நண்பர் "எங்க வாயாங் கூலிட்ல அனுமன் ராமனோட மகன்" என்கிறார்! (வாயாங் கூலிட் என்றால் அவர்கள் ஊர்த் தோல்பொம்மை நிழலாட்டம்.) பிரம்மச்சாரி ஆஞ்சநேயரைக் கும்பிடுகிறவனுக்கு எப்படி இருக்கும்? இது திரிபா, இல்லை இன்னொரு இராமாயணமா?

வால்மீகிதாசன்:
திரிபேதான். மூலம் ஒன்று, 24,000 சுலோகம். அதில் அனுமன் வாயுவின் மகன். ஆளாளுக்கு மாற்றினால் நாளைக்கு இராவணன்தான் ஜெயித்தான் என்பார்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
அப்போ கம்பரையும் அந்தக் கணக்கில் சேருங்க தம்பி. வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பரோ அவன் விரல் படவே விடவில்லை, குடிசையை நிலத்தோடு பெயர்த்துப் போக வைத்தார். இரணியன் வதைப் படலமும் அவர் கொண்டுவந்து சேர்த்ததுதான்.

வால்மீகிதாசன்:
கம்பர் பக்தியில் செய்தார். கவிச்சக்கரவர்த்தியையும் தோல்பொம்மை ஆட்டுகிறவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

செந்தூல்காரன்:
அண்ணே, ஆட்டத்தை நடத்துகிற அந்தத் 'தாலாங்' ஒரே ஆளாக உட்கார்ந்து எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுக்கிறார். சும்மா ஆட்டுகிறவர் இல்லை லா.

ரவாங் வாத்தியார்:
மூலம் என்கிறீர்களே, எந்த மூலம்? வால்மீகிக்கே வடக்கே ஒரு பாடம், தெற்கே ஒரு பாடம். ஏடுகளை ஒப்பிட்டு பரோடாவில் ஆய்வுப் பதிப்பு கொண்டுவர 1960இலிருந்து 1975 வரை ஆனது. நம் பாட்டிமார் சொன்ன இலட்சுமணன் கோடு வால்மீகியிலும் இல்லை, கம்பரிலும் இல்லை. அதை யாரும் திரிபு என்று திட்டவில்லை!

மலாய்க் கதைக்கு 'ஹிக்காயாட் செரி ராமா' என்று பெயர். அதில் ஓர் ஏடு 17ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று முளைத்த கதை இல்லை. மலாயில் கடற்படைத் தளபதியை 'லக்சமானா' என்கிறார்களே, தம்பி இலட்சுமணன் பெயர்தான் அது. கதை அவ்வளவு தூரம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

அவ்வளவு ஏன், கம்பருக்குப் பல நூற்றாண்டு முன்பே சங்கப் பாட்டில் இராமன் வருகிறான். சீதை வீசிய நகைகளை எதை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் குரங்குகள் அணிந்து பார்க்கும். படித்தால் சிரிப்பு வரும். இன்னொரு பாட்டில், பாண்டிய நாட்டுக் கோடிக் கடற்கரையில் இராமன் ஆலோசனை நடத்தும்போது ஆலமரத்துப் பறவைகளின் சத்தத்தை அடக்குகிறான்.

வால்மீகிதாசன்:
சும்மா அடித்து விடாதீர்கள். பாட்டு எண் போடுங்கள்.

ரவாங் வாத்தியார்:
குரங்கு புறம் 378. பறவை அகம் 70.

வால்மீகிதாசன்:
பார்த்தேன். இருக்கிறது. அந்த ஆலமரம் வால்மீகியில் நான் படித்தவரை எங்கேயும் இல்லை. அதற்காக அனுமன் மகன் என்பதை ஒப்ப மாட்டேன்.

பட்டர்வொர்த் அக்கா:
ஒப்ப வேண்டாம் தம்பி. அந்தக் கிளந்தான்காரர் ஒரு நாள் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டால் போய் உட்காருங்க, போதும்.