சுப்பு ஆறுமுகம் வில்லுப்பாட்டை வளர்த்தாரா, மாற்றிவிட்டாரா?

ஒழுகினசேரிக்காரன்:
சுப்பு ஆறுமுகம் பாடியது வில்லுப்பாட்டே இல்லை, வெறும் மேடைக் கச்சேரி என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மனசு கேட்கவில்லை. 1928-ல் திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனதே எங்கள் நாகர்கோவில்காரர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்தான். கலைவாணருக்காகக் காந்தி கதையை வில்லுக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் தானே எழுதி, தானே பாடி, ராமாயணம், மகாபாரதம் என்று வானொலி வழியாக வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் 94 வயதில் மறைந்தார். அவர் இல்லாவிட்டால் மதுரைக்கு வடக்கே எத்தனை பேருக்கு வில்லுப்பாட்டு என்ற பேராவது தெரிந்திருக்கும்?

தோவாளைத் தம்பி:
அதை எழுதியது நான்தான், அண்ணாச்சி. அவர் திறமையை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரில் வில்லு எதற்கு? சாமியை வரவழைக்க. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில், தலைமைப் பாடகரான அண்ணாவி மாடன் பிறப்பைப் பாடும்போது, சாமியாடுகிற கோமரத்தாடி ஓரமாகச் சும்மா நிற்பார். கதை ஏற ஏற வில் நாணில் அடிக்கும் வீசுகோல் வேகம் பிடிக்கும், உடுக்கை சேரும், அவர் கால் நடுங்கத் தொடங்கும். அண்ணாவியின் கண் முழுக்க அவர் மேலேயே இருக்கும். எந்த அடியைத் திருப்பிப் பாட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் முடிவாகும். அரை மணி நேர வானொலியில் இது எப்படி வரும்? முத்துப்பட்டன் கதையில் அவன் செத்து, அவன் மனைவியர் பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாயும் இடம் வந்தால் எங்கள் ஊரில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். விடிய விடியக் கேட்டால்தான் அந்த அழுகை வரும்.

கொட்டாரத்து அக்கா:
தம்பி, கோயில் கோயில் என்கிறாய். சரவணந்தேரி பூங்கனி அம்மாவைக் கோயில் காப்பாற்றியதா? பெண்கள் வில்லின் முன்னால் உட்கார்வதே அரிதாக இருந்த காலத்தில் சின்ன வயசிலேயே பாட வந்தவர். எத்தனை கொடைகளில் விடிய விடியப் பாடியிருப்பார்! கடைசிக் காலம் வறுமையில்தான் போனது. 2018-ல் இறந்தார். கானமேளா என்ற பாட்டுக் கச்சேரிக்கும் சீரியல் லைட்டுக்கும் கேட்ட பணத்தைக் கொடுக்கிற கமிட்டிகள், வில்லுக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகின்றன. சுப்பு ஆறுமுகம் சென்னைக்குப் போனதால் வில்லு கெட்டது என்று சொல்வதற்கு முன்னால் நம் ஊர் வரவு செலவு நோட்டைப் பாருங்கள்.

குடத்தடி வீட்டுப் பையன்:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் அப்பா குடம் அடித்தவர். மண்குடத்தை வைக்கோல் புரிமணையில் வைத்து, வில்லை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார். ஒரு கையில் பத்தி என்ற அடிமட்டை, அதைக் குடத்தின் வாயில் அடித்தால் அடிவயிற்றில் கேட்கும். மறு கையில் காசு, குடத்தின் உடம்பில் தட்ட. விடியும்போது உள்ளங்கை சிவந்து தடித்திருக்கும். அந்தக் கைக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

ஆனால் தம்பிக்கு ஒரு கேள்வி. வில்லு சாமிக்கு மட்டும்தானா? இரவிக்குட்டிப் பிள்ளை போர் சாமி கதையா? 17ஆம் நூற்றாண்டில் நம் கணியாகுளத்தில் வேணாட்டுப் படைத்தலைவரான அவர் திருமலை நாயக்கர் படையோடு போட்ட சண்டை அது. அதைப் பாடலாம், காந்தியைப் பாடக் கூடாதா?

தோவாளைத் தம்பி:
இரவிக்குட்டிப் பிள்ளை போரில் வெட்டுப்பட்டுச் செத்தவர். முத்துப்பட்டன் மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவன், இன்று சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாக நிற்கிறான். நடுவில் அறுபட்ட உயிரைப் பாடித்தான் நம் ஆட்கள் ஆற்றினார்கள். இப்போது வில்லில் அரசாங்கத் திட்டத்தையும் பாடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒழுகினசேரிக்காரன்:
திட்டப் பாட்டை விடு. காந்தியும் சுடப்பட்டுச் செத்தவர்தானே, தம்பி? நீ சொல்லும் கணக்குப்படியே வில்லுக்கு உரிய கதை அது. கலைவாணரும் சுப்பு ஆறுமுகமும் அதைத் தேடிப் பிடித்தது சும்மா இல்லை. வில்லு எந்தச் சாவைப் பாடும் என்பது இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தோவாளைத் தம்பி:
காந்தி கதையை அப்படி நான் யோசித்ததில்லை. ஆனாலும் இரவு முழுக்க நீளும் பாட்டை அரை மணி நேரமாகச் சுருக்கியதை ஏற்க மாட்டேன். புதுக் கதை எழுதுகிறவர் அதையும் விடிய விடியப் பாடும்படி எழுதட்டும். நான் முன்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.

கொட்டாரத்து அக்கா:
கேட்டால் போதாது. இந்த ஆடிக் கொடைக்கு எங்கள் தெருவில் வரி பிரிக்கும் கூட்டம் வருகிறது. கானமேளாவை ஒரு இரவு குறைத்து வில்லுக்குக் கொடுங்கள், பேரம் பேசாமல் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். குடம் அடிக்க ஆள் இருக்கிற நல்ல குழு தெரிந்தால் இங்கே சொல்லுங்கள்.

குடத்தடி வீட்டுப் பையன்:
அப்பாவோடு வாசித்தவர் ஒருவர் பூதப்பாண்டிப் பக்கம் இருக்கிறார், அக்கா. விசாரித்துச் சொல்கிறேன்.