எச்சரிக்கை நிலையிலேயே புறப்படலாமா, ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி – ஏரிக்கரைவாசி

வணக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெஸ்ட் கெலோனாவில், மலையடிவாரத்தை ஒட்டிய தெருவொன்றில் வசிக்கிறோம். நேற்று மாலை எங்கள் தெருவுக்கு வெளியேற்ற எச்சரிக்கை விடுத்தார்கள். வெளியேற்ற ஆணை இன்னும் வரவில்லை. மலைக்கு அப்பால் எரியும் தீ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இரவில் அதன் சிவப்பு வானத்தில் படிகிறது. காலையில் கார்க் கண்ணாடியில் சாம்பல் கிடக்கிறது.

ஆணை வந்த பின் போவதே முறை, அதற்கு முன் போனால் விடுதிச் செலவைக் காப்புறுதி தராது என்கிறார் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்திருக்கும் அம்மாவோ இப்போதே புறப்பட வேண்டும் என்கிறார். 1995 ஒக்ரோபர் 30 இரவு போர் நெருங்கியதால் வலிகாமம் முழுவதும் ஊரைவிட்டு வீதியில் இறங்கியபோது, நாவற்குழிப் பாலத்தைக் கடக்க மழையில் மணிக்கணக்காக நின்றவர் அவர். இங்கும் ஏரியைக் கடக்க ஒரே பாலம்தான் என்று அறிந்ததிலிருந்து அவர் சரியாக உறங்கவில்லை. அவருக்கு ஆஸ்துமா உண்டு. மகனுக்கு ஐந்து வயது. எங்களிடம் ஒரு கார் மட்டுமே இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி – மலைச்சரிவு

சகோதரி, உங்கள் அம்மா சொல்வதே சரி. எச்சரிக்கை என்பது, சொன்னவுடன் கிளம்பத் தயாராக இருங்கள் என்று பொருள்படும். ஆனால் முதியவர்களும் குழந்தைகளும் மூச்சுநோய் உள்ளவர்களும் அந்த நிலையிலேயே விலகிப் போவதை யாரும் தவறென்று சொல்வதில்லை.

2023 ஓகஸ்ட் 15 அன்று மெக்டூகல் கிறீக் தீ கண்டறியப்பட்டபோது நாங்களும் இதே வெஸ்ட் கெலோனாவில் இருந்தோம். அது மேலே காட்டுக்குள் இருக்கிறது என்றே எண்ணினோம். 17ஆம் திகதி காற்று வலுத்ததும் அது கீழ்நோக்கி ஓடிவந்தது. அன்றிரவே கனல்கள் ஒகனாகன் ஏரியைத் தாண்டிக் கெலோனாப் பக்கத்திலும் தீ மூட்டின. மறுநாள் மாகாணம் முழுவதற்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. எங்களுக்கு எச்சரிக்கைக்கும் ஆணைக்கும் இடையே மூன்று மணி நேரம்தான் கிடைத்தது, அதில் ஒரு மணி நேரம் பூனையைத் தேடுவதிலேயே போய்விட்டது. அந்த ஒரு மணி நேரத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. எச்சரிக்கையே இல்லாமல் நேரடியாக ஆணை வரவும் கூடும் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

காரின் பெற்றோல் தாங்கி பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். காரை முகப்பு தெருவைப் பார்த்தபடி நிறுத்துங்கள். மின்சாரம் நின்றால் வாகனக் கொட்டகையின் கதவைக் கையால் திறக்கும் முறையை இன்றே பழகிக்கொள்ளுங்கள். நாங்கள் அதை இருட்டில் கற்க நேர்ந்தது.

மறுமொழி – வடக்குவழி

காப்புறுதி பற்றி உங்கள் கணவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பெரும்பாலான வீட்டுக் காப்புறுதிகளில் தங்குமிடச் செலவு கட்டாய வெளியேற்ற ஆணை வந்த பின்னரே கிடைக்கும். மாகாணத்தின் அவசர உதவியும் பொதுவாக அப்படித்தான். ஆகையால் இன்றே முகவரை அழைத்து உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் உள்ள பொருட்களை அறை அறையாகக் காணொளியில் பதிந்து வையுங்கள்.

ஆனால் சில நாள் விடுதிச் செலவுக்காக ஆஸ்துமா உள்ளவரைப் புகையில் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியாது. நான் 2016 மே 3 அன்று ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் மக்மரியிலிருந்து வெளியேறியவன். ஏறத்தாழ 88,000 பேர் ஊரை விட்டுப் போனோம். தெற்கே செல்ல 63ஆம் நெடுஞ்சாலை ஒன்றுதான் இருந்தது. வழியில் எரிபொருள் தீர்ந்த வாகனங்கள் சாலையோரம் வரிசையாக நின்றன. அன்று காலையில் வானம் நீலமாக இருந்தது என்பதை நான் சொன்னால் பலர் நம்புவதில்லை.

மறுமொழி – வெண்மேகம்

மருத்துவத் துறையில் இருப்பவள் என்பதால் இதை மட்டும் சேர்க்கிறேன். அம்மாவின் உறிஞ்சு மருந்தும் குளிசைகளும் குறைந்தது இரண்டு வாரத்துக்குப் போதுமானவையாக, மருந்துச்சிட்டையின் படியோடு கைப்பையிலேயே இருக்கட்டும். புகைக்குத் துணி முகக்கவசம் பயன்படாது. என்95 வகை வேண்டும். அவர் வருகையாளர் என்பதால் கடவுச்சீட்டையும் பயணக் காப்புறுதித் தாள்களையும் பிரித்து வைக்காதீர்கள்.

ஏரிக்கரைவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த மறுமொழிகளைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகவரை அழைத்துக் கேட்டார். ஆணை வந்தால்தான் பணம் என்பது உறுதியானது, எனவே விடுதியைத் தேடாமல், சர்ரேயில் உள்ள உறவினர் வீட்டுக்கு அம்மாவையும் மகனையும் அழைத்து வந்துவிட்டேன். பாலத்தின் பக்கம் போகாமல் மெரிட் வழியாகக் கோக்கிஹல்லா நெடுஞ்சாலையைப் பிடித்தோம். அம்மா காணி உறுதியை யாழ்ப்பாணத்திலேயே விட்டு வந்திருந்தும், வழியெல்லாம் கைப்பையைத் திறந்து ஏதோ தேடிக்கொண்டே இருந்தார்.

கணவர் அங்கேயே இருக்கிறார்; ஆணை வந்தால் அயலவருடைய காரில் புறப்படுவார். வாசல் மிதியடி, முற்றத்து மெத்தைகள், விறகு ஆகியவற்றைச் சுவரிலிருந்து அகற்றிவிட்டார். கூரைப் பீலியிலிருந்து மட்டும் மூன்று பை பைன் ஊசியிலைகளை அள்ளியதாகச் சொன்னார். ஆணை இன்னும் வரவில்லை.