குவித்த மண் மழையில் கரைந்து வடிகாலை அடைக்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணைச் சரிவோரம் குவித்திருக்கிறோம். வண்டல் தடுப்புத் துணி கட்டியும் சேற்றுத் தண்ணீர் அடியில் புகுந்து தெரு வடிகாலுக்குப் போய்விடுகிறது.

பதில் 1: துணியின் அடியைப் புதைத்தீர்களா? சுமார் 15 செ.மீ. பள்ளம் வெட்டி, துணியை உள்ளே மடக்கி மண் போட்டு நன்றாக இடிக்க வேண்டும், இரண்டு முனைகளையும் மேட்டுப்பக்கம் வளைத்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு ஓடும்.

பதில் 2: துணி கடைசிக் காவல்தான். குவியலுக்கு மேலே வரப்பு போட்டு வரும் தண்ணீரைத் திருப்புங்கள், குவியலைத் தார்ப்பாயால் மூடுங்கள். களிமண் என்றால் இது ரொம்ப முக்கியம்: 0.002 மி.மீ.க்கும் சிறிய துகள், எந்தத் துணியும் பிடிக்காது, குட்டையில் தேக்கினாலும் சீக்கிரம் படியாது.

கேட்டவர்: சரி, குவியலையே இடம் மாற்றுகிறோம். லாரி டயரில் ஒட்டிப் போகும் சேறு?

பதில் 2: வாசலில் பெரிய ஜல்லி பரப்புங்கள். சேறு ஏறியதும் மேலே புது ஜல்லி போடுங்கள்.