‘நிறுவனர் விளைவு’ வேண்டாம், ‘வித்துக்குடி விளைவு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

மூன்றாம் ஆண்டு மரபியல் சொற்பட்டியலில் ‘founder effect’ என்பதற்கு ‘நிறுவனர் விளைவு’ என்று போட்டிருக்கிறோம். மிகச் சிலர் பிரிந்து போய்த் தொடங்கிய கூட்டத்தில், அவர்களிடம் தற்செயலாக இருந்த மரபணுக்களே பெருகுவதைச் சொல்லும் சொல் அது. அதை எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போன சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வர்த்தில் ஒரு மாணவி இந்தப் பாடத்தைத் தன் ஆயாவுக்குத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். “நிறுவனர்னா எந்தக் கம்பெனி?” என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. நிறுவனர் என்றால் திட்டமிட்டு ஒன்றைத் தொடங்கியவர். இங்கே திட்டம் எதுவும் கிடையாது, எல்லாம் தற்செயல்.

வகுப்பில் ஒரு குண்டானில் 190 வெள்ளை மொச்சையும் 10 கறுப்பு மொச்சையும் கலந்து வைப்பேன். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு 12 எடுத்து, எண்ணிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கறுப்பே வராது. யாராவது ஒருவர் கையில் இரண்டு வந்து விழும். குண்டானில் நூற்றுக்கு 5 ஆக இருந்தது அந்தக் கையில் கிட்டத்தட்ட 17. அந்தப் பன்னிரண்டை மட்டும் வேறு நிலத்தில் விதைத்தால் கறுப்பு அங்கே தழைக்கும். கறுப்பு வலுவான விதை என்பதால் அல்ல, அந்தக் கையில் அது வந்துவிட்டது, அவ்வளவுதான். எர்ன்ஸ்ட் மாயர் 1942இல் சொன்னதும் இதுதான்: புதிய இடத்தில் கால்வைக்கும் சில உயிர்கள், தாய்க்கூட்டத்தின் மரபு வேறுபாட்டில் சிறு பங்கையே கொண்டுபோகின்றன.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே இதற்குப் பெயர்போன சான்று இருக்கிறது. வெயில் பட்டால் தோல் கொப்புளிக்கும், சில மயக்க மருந்துகள் உயிருக்கே உலை வைக்கும் ஒருவகைப் போர்ஃபைரியா என்ற பரம்பரை நோய், பெரும்பாலும் டச்சுக் குடியேறிகளின் வழிவந்த ஆப்பிரிக்கானர்களிடம் உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்குக் காணப்படுகிறது. போர்ட் எலிசபெத்தில் மருத்துவராக இருந்த ஜெஃப்ரி டீன் குடும்ப வழிகளைப் பின்னோக்கித் தேடிப் போய், 1688இல் கேப்பில் மணம் முடித்த ஒரு டச்சுத் தம்பதியிடம் வந்து நின்றார். அவர்கள் எதை நிறுவினார்கள்? பிள்ளை பெற்று வளர்த்தார்கள். ‘நிறுவனர்’ என்று எழுதியதும், அந்த மரபணுவுக்கு ஏதோ தனிப்பலம் இருந்ததாகப் பிள்ளைகள் விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். சொல்லே பாடத்தைக் கெடுக்கிறது.

பீனிக்ஸ் வகுப்பு அக்கா இதற்குப் பதிலாக ‘முதற்குடி விளைவு’ என்றார்கள். அழகான சொல்தான், ஆனால் இந்த மண்ணில் முதற்குடி என்றால் கோய், சான் மக்கள். பின்னால் வந்த டச்சுக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘வந்தேறி’ வசைச்சொல் ஆகிவிட்டது. ‘கைப்பிடி விளைவு’ என்று நானே ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன்; மொச்சைக்குப் பொருந்துகிறது, அதிலிருந்து வேறு சொல் கிளைக்கவில்லை.

அப்புறம்தான் ‘வித்திட்டவர்’ என்று நாம் தினமும் சொல்வது நினைவுக்கு வந்தது. வித்து முளைக்கும், தன்னில் உள்ளதைக் கடத்தும்; அதற்கு நோக்கம் கிடையாது. வித்துக்குடி என்றால் ஒரு கூட்டத்துக்கு வித்தாக வந்த சிலர். வித்துக்குடி விளைவு, வித்துக்குடிச் சடுதிமாற்றம் (founder mutation) என்று தடையில்லாமல் நீள்கிறது. ‘குடி’ மனிதருக்குத்தானே, பறவைக்கு எப்படி என்று ஐயா கேட்டிருந்தீர்கள். இலங்கைப் பாடநூல்களில் விலங்குக்கும் செடிக்கும் ‘குடித்தொகை’ என்றே எழுதுகிறார்கள். உயிரியலுக்கு அது பழகிய சொல்தான்.

ஒன்று கவனிக்க வேண்டும். 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்த நம் முன்னோரையும் இப்படிச் சொல்லலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 1911 வரை நேட்டாலுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அது கைப்பிடி அல்ல, மூட்டை. ஆகவே விளக்கத்தில் ‘மிகச் சிலர்’ என்பது கட்டாயம் இருக்கட்டும்.

சிவிங்கிப்புலிகளிடமும் மரபு வேறுபாடு குறைவுதான், ஆனால் அவற்றுக்கு நேர்ந்தது வேறு: இருந்த கூட்டமே அழிந்து சுருங்கியது. அதற்குப் ‘புட்டிக்கழுத்து விளைவு’ இருக்கட்டும், மாற்ற வேண்டாம்.

‘வித்துக்குடி’யை இந்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு முறை பயன்படுத்திப் பாருங்கள். எந்த வாக்கியத்தில் இடறுகிறது என்று அந்த வாக்கியத்தையே எழுதி அனுப்புங்கள். பட்டியலை அதற்குப் பிறகு திருத்துகிறேன்.