அப்பாயிக்கு 80: குகை வீட்டுக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(வாட்ஸ்அப் குழுவின் பெயர்: குகை வீடு. சேலம் குகைப் பகுதியில் இருக்கிற வீடு என்பதால். ஆடி மாத ஞாயிறு, காலை 7:10)

பெரியம்மா: இனிய காலை வணக்கம். கோட்டை மாரியம்மன் துணை.

பெரியம்மா: ஒரு விஷயம். அப்பாயிக்கு 80வது பிறந்தநாளுக்கு மண்டபம் வேண்டாமாம். நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிட்டார்.

அத்தை: என்னது

கார்த்தி அண்ணன்: நானும் பக்கத்தில்தான் இருந்தேன். சேலை வேண்டாம், மாலை வேண்டாம், காட்டில் ஒரு யானையைக் காட்டுங்கள் போதும் என்கிறது கிழவி.

பெரியப்பா: கிழவி என்று எழுதாதே.

கார்த்தி அண்ணன்: சரிப்பா

பெரியப்பா: ஆவணி 10க்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது.

சித்தப்பா ஏற்காடு: எவ்வளவு?

சித்தப்பா ஏற்காடு: யாரைக் கேட்டு?

அப்பா: ம்

நான்: யானையா! ஜீப் சஃபாரி போகலாம் பெரியப்பா. நான் லீவு போட்டு பெங்களூரிலிருந்து வந்துவிடுகிறேன்.

அத்தை: கோவில் யானையைப் பார்த்தால் ஆகாதா

பெரியம்மா: எந்தக் கோவிலில் இருக்கிறது? சுகவனேஸ்வரர் கோவில் ராஜேஸ்வரி 2018இல் போனதோடு சரி.

அத்தை: ஆமாம். மறந்தே போனேன்.

தீபு: அது படுத்துக் கிடந்தபோது அப்பாயி கோரிமேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்போது நான் நாலாவது.

தீபு: இதைப் பாருங்கள், ஏற்காட்டிலேயே யானை வந்துவிட்டதாம். வீடியோ.

சித்தப்பா ஏற்காடு: எவன் அனுப்பினது? அது வால்பாறைத் தேயிலைத் தோட்டம் மாதிரி இருக்கிறது. தேயிலைக்கும் காப்பிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக நாகலூரில் இருக்கிறேன், யானையைக் கண்ணால் கண்டதில்லை. காட்டெருமை வேண்டுமானால் வாருங்கள். நேற்றுகூட மிளகுக் கொடியை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது.

பெரியம்மா: மிளகு எப்போது வரும்? போன வருடம் சொன்னதே வரவில்லை.

சித்தப்பா ஏற்காடு: அண்ணி, தையில்தான் அறுவடை.

குமார் மாமா: அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். யானை பார்க்க நமக்கு மூன்று வழி. முதலாவது முதுமலை. தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையே காலையிலும் மாலையிலும் வண்டி விடுகிறது. பஸ் போன்றதும் உண்டு, ஜீப்பும் உண்டு. இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது கபினி. கர்நாடகம். அங்கே ஜீப்பிலும் போகலாம், படகிலும் போகலாம். ஆனால் யானைகள் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வருவது கோடையில்தான். அணையில் தண்ணீர் இறங்கி, சேற்றில் பச்சைப் புல் முளைக்கும், அதைத் தேடி வரும். ஆவணியில் போனால் காடு முழுக்கத் தண்ணீர், யானை எங்கேயும் குடிக்கும், நமக்காகக் கரைக்கு வராது. மூன்றாவது மசினகுடியில் தனியார் ஜீப். இதில் கவனம். புலிகள் காப்பகத்துக் காட்டுக்குள் அவர்கள் போகக்கூடாது, ரோட்டோரமாகச் சுற்றிக் காட்டுவார்கள். நைட் சஃபாரி என்று யார் கூப்பிட்டாலும் ஏறவே கூடாது. அது சட்டவிரோதம்.

அப்பா: ம்

தீபு: மாமா இன்னும் டைப் பண்ணிக்கொண்டே இருக்கிறார்

குமார் மாமா: மேலும் ஒன்று. நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவு. வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் எல்லாம் போட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோனால் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். ஆகவே எவர்சில்வர் கூஜா.

அத்தை: கூஜா வேறு

சித்தப்பா ஏற்காடு: மாமா, 1997இல் ஒகேனக்கல் போகும்போது பென்னாகரம் காட்டில் நீங்கள் யானை என்று கத்தினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

கார்த்தி அண்ணன்: பாறை

அத்தை: பாறை. வேனில் இருந்த அத்தனை பேரும் இறங்கிப் பார்த்தோம்.

குமார் மாமா: மாலை வெளிச்சம் சரியில்லை. தவிரவும் அந்தப் பாறைக்குத் தும்பிக்கை மாதிரி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

பெரியப்பா: மாப்பிள்ளை சொல்கிற முதுமலை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டபம்?

சித்தப்பா ஏற்காடு: அம்மாவின் பிறந்தநாளா, உங்கள் மண்டபத்தின் பிறந்தநாளா?

பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சித்தப்பா ஏற்காடு: என்ன அழித்தீர்கள் அண்ணா

பெரியப்பா: விரல் பட்டுவிட்டது.

கார்த்தி அண்ணன்: வண்டிக்கு வருவோம். என் டிராவலரில் 17 பேர். நாம் எத்தனை பேர்? டீசல் மட்டும் போட்டால் போதும், வாடகை வேண்டாம். பண்டிப்பூர் வழி என்றால் கர்நாடக பர்மிட் தனி. அந்தக் காட்டு ரோட்டை ராத்திரி 9 மணிக்கு அடைத்துவிட்டு காலை 6க்குத்தான் திறப்பார்கள். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் வழி என்றால் பர்மிட் மிச்சம், ஆனால் வளைவில் அம்மா வாந்தி எடுக்கும்.

பெரியம்மா: நான் முன் சீட்டில் உட்கார்ந்தால் எடுக்க மாட்டேன்.

அத்தை: முன் சீட் இவருக்கு. போன தடவை பின்னால் உட்காரவைத்ததற்கே எட்டு மாதம் பேசினார்.

குமார் மாமா: நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. மாப்பிள்ளையை டிக்கி பக்கம் உட்காரவைப்பது முறையா என்று மட்டும்தான் கேட்டேன்.

நான்: டீசல், தங்கும் இடம், ஜீப் கட்டணம் எல்லாம் ஒரே கணக்காக எழுதி வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடலாமா?

சித்தப்பா ஏற்காடு: யார் எழுதுவார்கள்? மாந்தோப்பு விற்ற கணக்கே இன்னும் வரவில்லை.

(ஏழு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

பெரியம்மா: ஆடித் திருவிழாவில் சாமி வேடம் போட்டு வண்டிகளில் வருவார்களே, அந்த வண்டி வேடிக்கைக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்? எங்கள் தெரு வண்டியில் இந்த வருடம் மீனாட்சி கல்யாணம். எதிர்வீட்டுப் பையன்தான் சிவன்.

தீபு: அவனா? அவன் தாடி வைத்திருக்கிறானே

பெரியம்மா: எடுத்துவிடுவானாம்.

அத்தை: நான் வருகிறேன். தட்டுவடை செட் வாங்கி வை. காரச் சட்னி தனியாகக் கட்டச் சொல், போன தடவை நமுத்துப் போனது.

குமார் மாமா: யானை விஷயத்துக்கு வருவோம். ஜீப்பில் போகும்போது கவனிக்க வேண்டியவை. யானை காதை ஆட்டிக்கொண்டு புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டித் தின்றால் அது நிம்மதியாக இருக்கிறது. காதை விரித்து அப்படியே நிறுத்தி, தலையைத் தூக்கி நம்மையே பார்த்தால் டிரைவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கன்னத்தில் எண்ணெய் ஒழுகினதுபோல் கறுப்பாக வழிந்திருந்தால் மதம், அங்கே நிற்கவே கூடாது. கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானைதான். நம் யானைகளில் பெண்ணுக்குத் தந்தம் வெளியே தெரியாது. தந்தம் இல்லாத ஆணும் உண்டு, அதை மக்னா என்பார்கள். ஆகவே தந்தம் இல்லையே என்று கிட்டே போகக்கூடாது. பளிச்சென்ற சட்டை, சென்ட், மல்லிகைப்பூ எதுவும் வேண்டாம்.

அத்தை: 80வது பிறந்தநாளுக்குப் பூ வைக்காமலா

குமார் மாமா: நம் மண்ணுக்கும் யானைக்கும் பழைய தொடர்பு உண்டு. இதோ இருக்கிற கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் சாய்த்ததாகச் சங்கப் பாட்டே இருக்கிறது.

சித்தப்பா ஏற்காடு: நீங்களும் ஒரே மெசேஜில் ஐந்து பேரைச் சாய்த்துவிடுகிறீர்கள் மாமா

கார்த்தி அண்ணன்: செத்தேன்

பெரியம்மா: அப்பாயி பேசுகிறார், கேளுங்கள். (குரல் செய்தி, 1:48)

தீபு: கோயம்புத்தூர் பஸ்ஸில் இருக்கிறேன், இயர்போன் இல்லை. யாராவது எழுதுங்களேன்.

நான்: அப்படியே எழுதுகிறேன். "நான்தான் பேசறேன் சாமி. உங்க தாத்தா தாளவாடியில கரும்பு ஏத்திக்கிட்டுத் திம்பம் எறங்குவாரு. ஒருக்கா காராப்பள்ளத்துக்கிட்ட ரோட்டுலயே நின்னுச்சாம். வண்டிய அணைச்சுட்டு, கிளீனர் பையன் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாராம். அது தும்பிக்கைய வெச்சுக் கண்ணாடியத் தடவிப் பார்த்துச்சாம். அப்புறம் பின்னால போயி, தார்ப்பாய விலக்கி ரெண்டு கட்டு உருவிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருச்சாம். ஆலையில லோடு எறக்கிட்டு, கண்ணாடிய மட்டும் கழுவாம அப்படியே குகைக்கு ஓட்டிட்டு வந்தாரு. விடிகாலம் என்னைய எழுப்பிக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. காஞ்ச சேறு, கையகலம், அதுல ரெண்டு ஓட்டை மாதிரி மூச்சு விட்ட அடையாளம். அடுத்த தடவை உன்னையக் கூட்டிட்டுப் போறேன்னாரு. எங்க கூட்டிட்டுப் போனாரு? அப்புறம் ராஜேஸ்வரி. அதுவும் கடேசில படுத்தே கெடந்துச்சு. நடந்து போற யானைய ஒருக்காப் பார்க்கணும். மண்டபத்துக்குக் குடுத்த காசத் திருப்பி வாங்கிருங்க."

தீபு: ஐயோ

அத்தை: எனக்குக்கூட அப்பா இதைச் சொன்னதில்லை

அப்பா: அந்தச் சேற்றை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் ஆறாவது. கிளீனர் பக்கத்துக் கண்ணாடி.

பெரியப்பா: டிரைவர் பக்கம்.

அப்பா: கிளீனர் பக்கம். நான் பம்பர் மேல் ஏறித் தொட்டுப் பார்த்தேன், நீங்கள் அடித்தீர்கள்.

பெரியப்பா: தொட்டால் உதிர்ந்துவிடும் என்றுதான் அடித்தேன். டிரைவர் பக்கம்.

கார்த்தி அண்ணன்: சித்தப்பா ம் தவிர வேறு எழுதிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை

நான்: அப்படியானால் அப்பாயி கேட்பது திம்பம் ரோடுதானே? முதுமலை இல்லையே?

கார்த்தி அண்ணன்: சேலம், பவானி, கோபி, சத்தி. பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறினால் திம்பம், ஆசனூர். நாலு மணி நேரம். பர்மிட்டும் வேண்டாம், இ-பாஸும் வேண்டாம்.

பெரியம்மா: பண்ணாரியில் எனக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது.

குமார் மாமா: திம்பம் பற்றி. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என்று 2013இல் அறிவித்தார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் ராத்திரிப் போக்குவரத்தைத் தடை செய்தது. லாரிக்குச் சாயங்காலம் 6 மணியோடு சரி, நம் மாதிரி வண்டிக்கு 9 மணி வரை. ஆனால் பண்ணாரிக்கு மேலே எங்கேயும் இறங்கி நிற்கக்கூடாது. யானை வருமா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. முதுமலையிலும் கிடையாது என்பது வேறு விஷயம். அங்கே வராவிட்டால் தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானையையாவது காட்டலாம்.

சித்தப்பா ஏற்காடு: இல்லாவிட்டால் மாமா பாறை காட்டுவார்

பெரியப்பா: ஜீப்பில் அம்மாவால் ஏற முடியுமா என்று யாராவது யோசித்தீர்களா? முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது. பின் சீட்டில் உட்காரவைத்தால் ஒவ்வொரு குழிக்கும் தூக்கிப் போடும்.

நான்: டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஏறுவதற்கு ஒரு முக்காலி எடுத்துப்போனால் போதும்.

பெரியம்மா: மர முக்காலி என்றால் நம் வீட்டில் இல்லை. தோப்பு வீட்டைக் காலி பண்ணின அன்று ஏற்காட்டுக்குப் போனது.

சித்தப்பா ஏற்காடு: அதை அம்மாதான் எனக்குக் கொடுத்தார் அண்ணி. இப்போது காப்பிக் கொட்டை அள்ளுகிற இடத்தில் கிடக்கிறது. ஒரு கால் ஆடும்.

அத்தை: டேய் தம்பி, ஒரு ஆணி அடித்துக் கொண்டுவாடா. இதற்கும் சண்டையா

நான்: ஓட்டெடுப்பு போட்டிருக்கிறேன். திம்பம் அல்லது முதுமலை. சாயங்காலத்துக்குள் எல்லாரும் தொடுங்கள்.

(மாலை 6:40. திம்பம் 5, முதுமலை 4. அத்தை இரண்டையும் தொட்டிருக்கிறார்.)

பெரியப்பா: காலையில் பிறந்தநாள் சாப்பாடு மண்டபத்தில், மறுநாள் காடு என்று வைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா ஏற்காடு: ஆக மண்டபம் உண்டு

பெரியப்பா: அட்வான்ஸ் திரும்ப வராது. கேட்டுவிட்டேன்.

கார்த்தி அண்ணன்: எப்போது கேட்டீர்கள்? காலையிலிருந்து ஈஸி சேரை விட்டு எழுந்திருக்கவே இல்லையே

பெரியப்பா: போனில்.

கார்த்தி அண்ணன்: ஆவணி 11 வண்டி காலியா என்று பார்த்துச் சொல்கிறேன். அந்த வாரம் வண்டிக்குத் தகுதிச் சான்று, எஃப்.சி. வேறு எடுக்க வேண்டியிருக்கிறது.

பெரியம்மா: அப்பாயி கேட்கிறார், போகும்போது நாலு கரும்பு எடுத்துக்கொள்ளலாமா என்று.

குமார் மாமா: கூடவே கூடாது. காட்டு விலங்குக்குத் தீனி கொடுத்தால் வனத்துறை அபராதம் போடும். லாரிக்காரர்கள் கரும்பை வீசிப் பழக்கினதால்தான் காராப்பள்ளத்தில் யானை இன்றைக்கும் வண்டியை மறித்து நிற்கிறது. இதைக் கொஞ்சம் விவரமாக

சித்தப்பா ஏற்காடு: நாளைக்கு மாமா

பெரியம்மா: சொல்லிவிட்டேன். சரி என்றார். ஆனால் வண்டியைக் கழுவாமல் கொண்டுவரச் சொல்கிறார்.

அப்பா: ம்